வண்டிச் செலவு தனி

மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல்
அந்த நாட்டிலிருந்து திரும்பியபோது
என்னிடம் மிஞ்சியது
பாதி மருத்துவம், முழுதாய் ஒரு மொழி.
எலும்புகளின் பெயர்கள் தண்டையார்பேட்டையில் விலைபோகவில்லை.
மொழிக்கு நேற்று ஆள் வந்தது:
இரண்டு மணி நேரம், மூவாயிரம் ரூபாய்,
வண்டிச் செலவு தனி.

எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைக்கு மேலே கூடம்.
'நட்பின் மாலை' பேனர் தொங்கிய ஆணியில்
போன வாரம் ஒரு காதுகுத்து தொங்கியது.
அறுபது நாற்காலிக்கும் ஆட்களைச் சேர்த்தது
படகுச் சங்கம், பிரியாணி உண்டென்று சொல்லி.

டில்லியிலிருந்து இரண்டாம் செயலர் வந்திருந்தார்.
இல்வா என்று பெயர்.
யாரோ கட்டிவிட்ட சேலை;
முந்தானையைக் கோப்பு மாதிரி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

சுவரில் படங்கள். ஏரி. ஆப்பிள் தோட்டம். பாலம்.
அந்தப் பாலத்தில் நின்று
பனிக்காலம் முழுக்க நான் பஜ்ஜிக்கு ஏங்கியிருக்கிறேன்.
பாலம் இப்போது ஆற்றுக்குள் கிடக்கிறது.
படத்தின் கீழே: 'எங்கள் வசந்தம்.'

உங்கள் மாலுமிகள் எங்கள் நண்பர்கள் என்றார்.
சொன்னேன்.
போரிலும் எங்கள் கதவுகள் திறந்தே இருக்கின்றன என்றார்.
அதையும் சொன்னேன்.
உலகின் மனசாட்சியை நம்புகிறோம் என்று
நான் தமிழில் முடிப்பதற்குள்
பின்வரிசையில் ஒருவர்
டீ எப்போது என்று கேட்டார்.

அப்போதுதான் கல்மண்டபம் பக்கமிருந்து
ஒரு சாவு வந்தது.
மேளம், உதிரிப்பூ,
அணுகுண்டு என்று நாங்களே பெயர் வைத்த வெடி,
ஒவ்வொன்றாய், நிதானமாய்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
நாங்கள் யாரும் திரும்பவில்லை,
எங்கள் தெருவில் பிணம் சத்தமில்லாமல் போனால்தான் விசாரிப்போம்.
இல்வாவும் திரும்பவில்லை.
உதடு மட்டும் அசைந்தது.
பக்கத்தில் இருந்ததால் கேட்டது:
ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் நடுவே
எண்ணிக்கொண்டிருந்தார்.
நான்கு. ஆறு. மறுபடி நான்கு.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கேள்வி நேரம்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற பூங்காவனம்
மைக்கை வாங்கவே இல்லை, குரல் போதும்.
"எம்பையன் தேசிங்கு ஒங்கூட்டு ஆர்பர்ல கீறான்.
நாலு மாசம். சம்பளம் நின்னுபோச்சு.
கடைசியா பேசசொல்ல
தண்ணிய அளந்து குடுக்கறாங்கன்னான்.
கப்பல உட சொல்லும்மா."

உரிய மட்டத்தின் கவனத்துக்கு
இவ்விஷயம் கொண்டுசெல்லப்படும் என்றார் இல்வா.
புரட்டிப் பார்த்தேன்,
அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.
"மேல சொல்லுவாங்களாம்" என்றேன்.
"மேலன்னா? மாதா கிட்டயா?"

கூடம் சிரித்தது.
என்ன சொன்னார் என்று இல்வா கேட்க,
சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
தாளை மடித்து வைத்துவிட்டு
முதல் முறையாகத் தாளில் இல்லாததைக் கேட்டார்:
கப்பல் எத்தனையாவது மேடையில் நிற்கிறது,
ஏழா, ஒன்பதா?
"ஒன்பது என்றால்..."
அதற்கு மேல் அவர் போகவில்லை.

"இன்னா சொல்லுது?"
அறுபது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
"நம்பர் கேக்கறாங்க" என்றேன்.
"பையன் பேசுனா மேடை நம்பர் கேட்டு வை."
பாதி வாக்கியத்துக்குக் கூலி எவ்வளவு என்று
யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

போகும்போது ஆளுக்கொரு துணிப்பை,
சின்னம் அச்சடித்தது, உள்ளே ஆப்பிள் ஜாம்.
பூங்காவனம் பையை உதறிப் பார்த்தார்.
தையல் கெட்டிதான் என்றார்.
என் கைபேசி எண்ணை
எழுதிக்கொள்ளாமல் மனதில் ஏற்றிக்கொண்டார்.

விடியலில் அழைப்பு.
மரச்சுத்தி ஐஸில் விழும் சத்தம்,
நடுவில் ஏலக்காரன் குரல்.
"தம்பி, நைட்டு பேசுனான்.
ஒம்போதுலேர்ந்து ஏழுக்கு மாத்திட்டாங்களாம்.
ஏழு நல்லதா?"

மணி ஐந்து இருபது.
தூதரகம் பத்து மணிக்குத்தான் திறக்கும்.